கம்பி போன வழியே

பைக்காரா

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா படகுத்துறைக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். படகுக்கு நீண்ட வரிசை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், குளிருக்கென்று வாசலிலேயே வாங்கி மாட்டிய குரங்குக் குல்லாய்கள். இத்தனை சந்தடிக்கும் அப்பால் அந்தத் தண்ணீருக்கு வேறொரு வேலை இருக்கிறது. கிளன்மார்கன் மலைவிளிம்பிலிருந்து ராட்சதக் குழாய்களுக்குள் புகுந்து, சுமார் மூவாயிரம் அடி கீழே சிங்காராவில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு மாயாற்றுப் பக்கம் போய்ச் சேர வேண்டும். 1932-ல் இங்கிருந்து மின்சாரம் கிளம்பியது. சென்னை மாகாணத்தில் அரசு எடுத்துக் கட்டிய முதல் பெரிய நீர்மின் திட்டம் இதுதான். மலையை விட்டு இறங்கிய கம்பி நேராகக் கோயம்புத்தூருக்குப் போனது.

அந்தக் கம்பியின் திசையிலேயே கடல் வரை போய்ப் பார்ப்பது, வழியில் அதைப் பழுது பார்க்கிறவர்களிடம் பேசுவது. இந்தப் பயணத்துக்கு இருந்த திட்டம் இவ்வளவுதான். இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசிய குற்றப் பதிவேட்டு அலுவலகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. அதில் எல்லா வகை மனிதர்களும் உண்டு. ஆனால் நமக்கு வெளிச்சம் வருவதற்காகக் கம்பியில் கை வைத்தவர்கள் இறக்கும்போது, அது மற்ற சாவுகளைப் போல ஆகிவிடுவதில்லை. அந்த நேரத்தில் நாம் வீட்டில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்போம்.

படகுத்துறையைத் தாண்டி ஒரு டீக்கடை. ஊட்டி வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், மலையிலுள்ள மின்நிலையங்களில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, ஈர விரலால் மேஜை மேல் ஒரு கோடு போட்டார்.

"இது லைன். இந்தப் பக்கம் பிரேக்கர். பிரேக்கரை ஆஃப் பண்ணியாச்சு, பேனல்ல பச்சை லைட் எரியுது. வேலைக்குப் போலாமா?"

போகக் கூடாது என்று அவர் முகமே சொல்லிவிட்டது.

"பச்சை லைட்டை நம்பக் கூடாது சார். உள்ள கான்டாக்ட் ஒட்டிக்கிட்டிருந்தா லைட்டுக்கு என்ன தெரியும்? வெளிய யார்டுக்கு நடந்து போகணும். ஐசொலேட்டர் கத்தி மூணும் வாயைத் திறந்திருக்கான்னு கண்ணால பாக்கணும். மூணும். ரெண்டு திறந்து ஒண்ணு பாதியில நிக்கும், அதையும் பாத்திருக்கேன்."

அதன் பிறகுதான் எர்த், அதாவது கம்பியைத் தரையோடு இணைப்பது. அதன் பிறகுதான் பர்மிட். வேலைக்குப் போகிறவர் பெயர், எந்த லைன், எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மணிக்கு என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார். வேலை முடிந்து, ஆட்களை எண்ணி, எர்த்தை எடுத்துவிட்டு, அதே ஆள் அதே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் லைனில் மின்சாரம் ஏறும்.

"பேப்பர் வெளிய இருக்கிற வரைக்கும் அந்த லைன் என்னுது இல்ல, அவனுது. சீஃப் இன்ஜினியரே போன் பண்ணாலும் நான் போட முடியாது. ஷிப்ட் மாறும்போது கூட, 'இந்த லைன் இன்னாரோடது'ன்னு எழுதி வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

ஏரியிலிருந்து எழுந்த பனி சாலையை மூடிக்கொண்டிருந்தது. பெரியவர் வர்க்கியை முடித்துவிட்டு, வழியனுப்பும்போது ஒன்று சொன்னார்: "இங்க எல்லாம் ஒழுங்கா நடக்கும் சார். கீழ இறங்க இறங்கப் பாருங்க." மலைப்பாதையைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

கோயம்புத்தூர்

பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையின் உருவமே மாறியது. 1930-களில் பஞ்சாலைகள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்தன. பின்னால் வார்ப்படக் கூடங்கள், மோட்டார், பம்ப்செட். இன்றும் பீளமேடு, கணபதிப் பக்கச் சந்துகளில் நடந்தால் லேத் சத்தம் கேட்காத தெரு குறைவு. மலைக்காற்றின் ஞாபகம் உடம்பிலிருந்து போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கீழே இறங்கியதன் முதல் வித்தியாசம் வியர்வைதான். மின்சாரத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஒரு வார்ப்படக் கூடத்தில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருப்பவர் மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளமும் கத்தரிக்காய்ப் பொரியலும். சென்னையில் இதைச் சாம்பார் சாதத்தின் தம்பி என்று நினைத்துவிடுவார்கள். இதன் வாசனை வேறு. பூண்டும் சீரகமும் பருப்போடு சேர்ந்து வேகும்போது வருகிற வாசனை அது.

சாப்பிட்டுக்கொண்டே அவர் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்ததைச் சொன்னார். மோட்டார் ஓடவில்லை என்று பேனலைத் திறந்திருக்கிறார் அவருடைய சீனியர். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கான்டாக்டரைக் கழற்றத் தொடங்கினார். மெயின் சுவிட்ச் இருந்தது அடுத்த அறையில். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த ஆபரேட்டர் மெஷின் ஓடாததைப் பார்த்தார், சுவிட்ச் கீழே கிடப்பதைப் பார்த்தார், தூக்கிப் போட்டார்.

"அவன் மேல என்னங்கண்ணா தப்பு? மெஷின் ஓடலீன்னா சூப்பர்வைசர் அவனத்தானுங்க கத்துவாரு. உள்ள ஆள் இருக்கறது அவனுக்குத் தெரியோணுமில்லீங்க?"

சீனியர் பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம்மவர் தன் காசில் ஒரு சிவப்புப் பூட்டு வாங்கினார். இப்போது வேலை செய்யும் இடத்தில் எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் ஆளுக்கொரு பூட்டு. எந்த பேனலில் வேலையோ அதன் மெயின் சுவிட்ச் கைப்பிடியை ஆஃப் நிலையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாவி பூட்டியவரின் பாக்கெட்டில். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. மாற்றுச் சாவி எவரிடமும் கிடையாது. கைப்பிடியில் தொங்கும் அட்டையில் பூட்டியவரின் பெயரும் போட்டோவும் இருக்கும். "போட்டோ எதுக்குங்கண்ணா தெரியுமா? வெறும் டேஞ்சர் போர்டுன்னா எவனும் மதிக்கமாட்டான். மூஞ்சியப் பாத்தா கை நிக்கும்."

பூட்டியதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்துக்கு அழைத்துப் போய்ச் செய்து காட்டினார். கையில் ஒரு மீட்டர். முதலில் பக்கத்தில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பாயின்டில் வைத்தார், 230 காட்டியது. பிறகு பூட்டிய பேனலில் மூன்று பேஸையும் தரைக்கும், ஒன்றுக்கொன்றும், நியூட்ரலுக்கும் வைத்துப் பார்த்தார், பூஜ்யம். வேலையை ஆரம்பிப்பார் என்று பார்த்தால், மறுபடி முதல் பாயின்டுக்கே போய் வைத்தார், மறுபடி 230. நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும் அல்லவா? இந்த மூன்றாவது அடியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டைப் பையில் குத்தியிருக்கும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை இந்த வேலைக்கு அவர் எடுப்பதே இல்லை. "வெளிச்சத்துல நின்னா அது எரியறதே தெரியாதுங்க."

பவர் ஃபாக்டருக்காக வைத்திருக்கும் கப்பாசிட்டர் பேனல் பக்கம் போகும்போது குரல் தாழ்ந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். சில நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அதன் பிறகே தொட வேண்டும். ஜெனரேட்டர், யூ.பி.எஸ். என்று ஒரே பேனலுக்கு இரண்டு மூன்று வழிகளில் சப்ளை வருகிற காலம் இது. ஒன்றை அணைத்துவிட்டு எல்லாம் அணைந்தது என்று நினைப்பது பழைய காலப் பழக்கம்.

எவ்வளவு மின்சாரம் ஓர் ஆளைக் கொல்லும் என்று கேட்டேன். விளக்குக் கடையில் கிடைக்கும் பத்து வாட் குண்டு பல்பைக் காட்டினார். அது இழுக்கும் கரண்ட் நாற்பது மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். முப்பதைத் தாண்டி உடம்பு வழியே நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. அதனால்தான் உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. கருவிகள் முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்படுகின்றன. படுக்கையறைப் பல்புக்குத் தேவையான கரண்ட் ஓர் ஆளுக்குப் போதும்.

மேட்டூர்

பவானி தாண்டியதும் காவிரி கூடவே வந்தது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அணையடியில் மின்நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது. பிறகு அனல்மின் நிலையமும் வந்ததால், இப்போது ஊரின் வானம் கம்பிகளால் கோடு போடப்பட்டிருக்கிறது. அணைக்குப் போகிற வழியெல்லாம் மீன் வறுவல் கடைகள். மசாலா தடவிய கட்லா துண்டுகளைக் கல்லில் புரட்டும் அம்மா, "முள்ளு பாத்துச் சாப்புடு சாமி" என்று சொல்லி வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். வாரக் கடைசியில் சேலம், ஈரோட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக இதற்காகவே வருகிறார்கள். பதினாறு கண் மதகின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பூங்காவில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த பெஞ்சில் குடும்பத்தோடு மீன் தின்றுகொண்டிருந்தவர் டவர் லைன் பராமரிப்பில் இருப்பவர். 110, 230 கிலோவோல்ட் லைன்களில் ஏறுகிறவர். வானத்தைக் காட்டிப் பாடம் எடுத்தார். ஆற்றைத் தாண்டிப் போகும் ஒரே கோபுரத்தில் இடப்பக்கம் மூன்று கம்பி, வலப்பக்கம் மூன்று. இடப்பக்கத்தில் வேலை என்றால் இடப்பக்கத்தை மட்டும் நிறுத்துவார்கள். வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் அருகில் நீண்ட தூரம் இணையாகப் போவதால், நிறுத்தப்பட்ட கம்பியிலும் தொட்டால் தூக்கியெறியும் அளவுக்கு மின்னழுத்தம் தானாக ஏறிவிடும். எந்த சுவிட்சும் போடாமலே! இதை அவர்கள் இண்டக்‌ஷன் என்கிறார்கள்.

"அதனால செத்த லைனைச் செத்ததா நெனைக்கவே கூடாதுங்க. எர்த் போட்டதுக்கு அப்புறந்தான் செத்தது. அதுவரைக்கும் உசுரோட இருக்கறதா நெனச்சுக்கோணும்."

எர்த் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கம்பியின் ஒரு நுனியைத் தரையோடு, கோபுரத்தின் காலோடு இறுக்க வேண்டும். அதன் பிறகே நீண்ட காப்புக் கோலின் நுனியில் உள்ள கொக்கியைத் தூக்கி லைனில் மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: முதலில் லைனிலிருந்து, கடைசியில் தரையிலிருந்து. வரிசை மாறினால் எர்த் கம்பியே கையில் பிடித்த லைனாகிவிடும். வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் போட வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தரைக்குப் போய்விட வேண்டும். இடியும் மின்னலும் எங்கோ பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இறங்கிவிடுவார்களாம்.

அவருடைய அணியில் அண்மைக் காலத்தில் பெரிய விபத்து எதுவும் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, காரணம் சொன்னார்.

"230 கே.வி.ன்னா எல்லாத்துக்கும் பயங்க. ஆபீஸருக்கும் பயம், எங்களுக்கும் பயம். எர்த் இல்லாம ஏறச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டுன்னா மச்சான் மாதிரி பழகிப்புடறாங்க, தோள்ல கை போட்டுக்கிட்டு."

பைக்காராப் பெரியவர் சொன்ன 'கீழ இறங்க இறங்க' என்பது அப்போதுதான் விளங்கியது. மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. அதோடு காகிதம் குறைகிறது, பூட்டு குறைகிறது, உடனிருக்கும் ஆட்கள் குறைகிறார்கள். அவசரப்படுத்துகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1956-ன் இந்திய மின்சார விதிகளும், அதன் இடத்துக்கு 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் பெரிய லைனுக்கும் சின்ன லைனுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. கோபுரத்தடியில் அவை நடைமுறையாக இருக்கின்றன. தெருக்கம்பத்தடியில் என்ன ஆகின்றன என்று பார்க்க டெல்டாவுக்குப் போக வேண்டியிருந்தது.

மன்னார்குடிப் பக்கம்

திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிட இறங்கியதைத் தவிர வழியில் எங்கும் நிற்கவில்லை. பாசிப்பருப்பில் செய்யும் அந்த இனிப்பு கையில் நெய்யை விட்டுவிட்டு வயிற்றுக்குள் போய்விடுகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பெயர் மாற்றி மாற்றிக் காவிரி வயலுக்குள் பிரிந்துபோவதைப் போலவே மின்சாரமும் இங்கே பிரிந்துபோகிறது. துணைமின் நிலையத்திலிருந்து ஃபீடர்கள், அவற்றிலிருந்து டிரான்ஸ்பார்மர்கள், அவற்றிலிருந்து வயல்நடுவே ஒற்றை மோட்டார் கொட்டகை வரை.

நான் போன அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ஊரில் பொழுது மெதுவாக நகர்ந்தது. திண்ணைகளில் விசிறிகள், மாவரைக்க முடியாத அம்மாக்கள். தெருமுனைக் கம்பத்தடியில் லைன்மேன், ஓர் உதவியாளர், மரக்கிளை வெட்ட வந்த ஒப்பந்தக்கார இளைஞர்கள் இருவர். லைன்மேனுக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னங்கைகளின் உட்புறம் கம்பம் ஏறி ஏறித் தழும்பேறிப் போயிருந்தது.

வேலைக்கு முன் அவர் பேசிய தொலைபேசி உரையாடலை அருகில் நின்று கேட்டேன். இதற்குப் பெயர் எல்.சி. வாங்குவது, அதாவது லைன் கிளியர். துணைமின் நிலையத்து ஆபரேட்டரிடம் ஃபீடரின் பெயரைச் சொன்னார். எதிர்முனை திருப்பிச் சொன்னது. இவர் மறுபடி சொன்னார். நேரமும் எண்ணும் சொல்லப்பட்டன. சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு இத்தனை தடவை என்ற கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, எங்க பக்கத்துல மேலத்தெரு ஃபீடர், மேட்டுத்தெரு ஃபீடர்னு ரெண்டு இருக்குன்னு வச்சுக்குங்க. காத்து அடிக்கிறப்ப போன்ல எது காதுல விழும்? அவரு ஒண்ண நிறுத்திப்புட்டு நமக்கு எல்.சி. குடுத்துருவாரு, நாம இன்னொண்ணுல ஏறிக்கிட்டிருப்போம்."

பிறகு டிரான்ஸ்பார்மரடிக்கு நடந்தோம். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சின் நீண்ட கைப்பிடியை இறக்கிப் பூட்டினார். தலையை நிமிர்த்தி மூன்று கத்திகளையும் பார்த்தார். பைக்காராப் பெரியவர் மேஜையில் வரைந்த அதே மூன்று. கோலைத் தூக்கி லைனைத் தட்டிப் பார்த்தார். எர்த் ராடை மாட்டினார். இரண்டு ஃபீடர்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் கம்பம் ஒன்று அந்த ஊர்க் கோடியில் உண்டு. மேலே போகும் கம்பி வேறு துணைமின் நிலையத்துக்குச் சொந்தமானது. அந்தக் கம்பத்தில் மட்டும் இரண்டு இடத்திலும் எல்.சி. வாங்காமல் ஏறுவதில்லை என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவர் ஏறத் தொடங்கியபோது மணி பத்தரை ஆகியிருந்தது. ஒன்பது மணிக்கு மின்தடை. பாதுகாப்புக்கு ஆன நேரம் ஒன்றரை மணி.

அந்த ஒன்றரை மணியில் அவருடைய போன் அடித்தபடியே இருந்தது. கல்யாண மண்டபத்துக்காரர், ஐஸ் வியாபாரி, வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேச வேண்டிய ஒரு மகனின் அம்மா, ஊராட்சியில் செல்வாக்குள்ள ஒருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: கரண்ட் எப்ப வரும்? ஏறியபின் போனைக் கீழே நின்ற உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். உதவியாளருக்கு அன்று வேறு வேலை கிடையாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான். இந்த 'சும்மா நிற்கிற' ஆள் எவ்வளவு முக்கியமென்று மரம் வெட்ட வந்த இளைஞர்களுக்குக்கூடத் தெரியவில்லை. "ஒரு ஆளு வேஸ்ட்டா நிக்கிறாரே" என்று ஒருவன் சொன்னான்.

மேலே ஏதாவது ஆகிவிட்டால் முதலில் ஓட வேண்டியது அந்த வேஸ்ட் ஆள்தான். மின்சாரம் பட்டவரைக் கையால் தொடாமல் சப்ளையை நிறுத்துவது, இறக்குவது, மூச்சும் நாடியும் நின்றிருந்தால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துவது. உதவியாளருக்கு அந்தப் பயிற்சி இருந்தது. இளைஞர்களுக்கு இல்லை. அவர்கள் கையில் கையுறையும் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. ஒப்பந்தக்காரர் வேறு ஊரில் இருந்தார். அவர்களில் ஒருவன் தென்னை மரத்தில் பாதி ஏறிவிட்டுக் கேட்டான்: "அண்ணே, இந்தப் பக்கக் கம்பியும் ஆஃப்தானே?" ஆஃப்தான். ஆனால் அந்தக் கேள்வியை அவன் மரத்தடியில் கேட்டிருக்க வேண்டும். லைன்மேன் மேலிருந்தே போட்ட அதட்டலில் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையனைக் கீழே இறக்கி, எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று விரலை நீட்டி விளக்கிய பிறகே மறுபடி ஏறவிட்டார்கள்.

என் சென்னை வீட்டுத் தெருவில் கம்பிகளே கண்ணில் படாது. கேபிள்கள் மண்ணுக்கடியில் போகின்றன. நடைபாதையோர பில்லர் பாக்ஸைத் தாண்டி ஒரு மனிதர் வேலை செய்வதை நாங்கள் பார்ப்பதே அபூர்வம். குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் 'பவர் இல்லை' என்று ஒருவர் போடுவார். அடுத்த நிமிடம் பத்துப் பேர் புகார் எண்ணுக்கு அடிப்பார்கள். இங்கே மன்னார்குடிப் பக்கத்தில் ஏறியிருப்பவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். தெரிந்தும் அடிக்கிறார்கள். முகம் தெரிந்தால் கை நிற்கும் என்று கோவைக்காரர் சொன்னது தொலைபேசிக்குப் பொருந்தவில்லை.

வேதாரண்யம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வேதாரண்யம் வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. இன்று புதுக் கன்றுகள் வளர்ந்து நிற்கின்றன. உயரத்தை வைத்தே அவை எந்த ஆண்டுக்குப் பிறகு நட்டவை என்று சொல்லிவிடலாம். ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த கரை இது. அந்த உப்பு லைன்மேன்களுக்குத் தொல்லை. கடற்காற்றில் வந்து இன்சுலேட்டர் பீங்கான் மேல் படியும். பனி பெய்து நனைந்ததும் மின்சாரம் அதன் மேலேயே பொறிவிட்டுக் கடக்கும். பீங்கானைத் துடைத்துக் கழுவுவது இங்கே தனி வேலை.

புயலுக்குப் பிறகு தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்பணியாளர்கள் வந்து வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். இடுப்பளவுச் சேற்றில், தெரியாத ஊரில், வரைபடமில்லாத லைன்களில். பள்ளிக்கூடங்களில் தூங்கினார்கள், ஊர்க்காரர்கள் சோறாக்கிப் போட்டார்கள். அப்போது இங்கே வேலை பார்த்த ஒருவர் மதியம் கெண்டை மீன் குழம்போடு சோறு போட்டுக்கொண்டே அந்த நாட்களைச் சொன்னார். அவர் அதிகம் பேசியது ஜெனரேட்டரைப் பற்றி.

வாரக்கணக்கில் மின்சாரமில்லாத ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் சார்ஜுக்கும் வாடகை ஜெனரேட்டர்கள் வந்து இறங்கின. சிலர் அதை வீட்டு மெயினைப் பிரிக்காமல் அப்படியே பிளக்கில் செருகிவிட்டார்கள். டிரான்ஸ்பார்மருக்கு மேலே கீழே என்ற பேதம் கிடையாது. இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் அந்தப் பக்கம் 230 ஆகும். அந்தப் பக்கம் வீட்டு ஜெனரேட்டரின் 230 வோல்ட் போய்ச் சேர்ந்தால் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஏறும். துணைமின் நிலையத்தில் எல்.சி. வாங்கியாயிற்று, ஏ.பி. சுவிட்ச் வெகு தூரத்தில் திறந்தாயிற்று, எல்லாம் சரி. ஆனால் இடையில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து கம்பிக்கு உயிர் வந்துகொண்டிருக்கும்.

"அப்ப என்னங்க செஞ்சீங்க?"

"ஒவ்வொரு கம்பத்துலயும் எர்த் போட்டோம். நேரமாகும், திட்டுவாங்க. போட்டோம். அதுக்கு மேல, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுற பையன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டுத் தெருத் தெருவாப் போனோம். எந்த வீட்டுக்குக் குடுத்திருக்கான்னு அவனுக்குத்தானே தெரியும்? மெயின் பியூஸைக் கழட்டி அந்த வீட்டு அம்மா கையிலயே குடுத்துட்டு, 'நாங்க வந்து கேக்குற வரைக்கும் இதை யார்ட்டயும் குடுக்காதீங்கக்கா'ன்னு சொல்லிட்டு வருவோம். ஒரு அக்கா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தாங்க."

எந்த ஒழுங்குமுறைப் புத்தகத்திலும் முந்தானை இல்லை. ஆனால் இதுவும் பர்மிட்தான். லைன் யாருடைய கையில் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்படி செய்தாயிற்று. கோவையில் பூட்டு, பைக்காராவில் காகிதம், மன்னார்குடிப் பக்கம் தொலைபேசியில் மூன்று முறை சொல்லப்பட்ட பெயர். பொருள் எதுவானாலும் வேலை ஒன்றே. ஏறியிருப்பவர் சொல்லாமல் வேறொருவர் கை சுவிட்சுக்குப் போகக் கூடாது. அந்த வேலைக்குக் கொஞ்சம் நேரம் தேவை. அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் மேலதிகாரிகள் மட்டுமல்லர். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களும்தான்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "உங்க அப்பார்ட்மென்ட்ல ஜென்செட் இருக்கா? சேஞ்ச் ஓவர் எப்படிப் போட்டிருக்காங்க? மொட்டை மாடில சோலார் உண்டா? ரெண்டும் லைனுக்குத் திரும்பி வராம இருக்கான்னு யாராவது பாத்தாங்களா?"

அங்கிருந்தே எங்கள் குடியிருப்பின் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஃபோர்-போல் வகை. ஒரே நேரத்தில் இரண்டு சப்ளையும் சேர வழியில்லை. சோலார் இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் போனதும் தானாக நின்றுவிடுகிற வகை, சோதித்துப் பார்த்தாயிற்று. வேதாரண்யத்துக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"எல்லாம் சரிதாண்ணே," என்றார் சென்னைக்காரர். "மெயின் பேனலுக்கு ஒரு பூட்டு மட்டும் கேட்டேன். நான் மோட்டார் ரூம்ல இருக்கறப்போ வாட்ச்மேன் வந்து ஆன் பண்ணிடறாரு, அவரை மாடிலேர்ந்து யாராவது விரட்டுறாங்க. செக்ரட்டரிகிட்ட சொல்லி மூணு மாசமாச்சு, ஃபண்டு பாக்கணும்னு சொல்லிட்டாரு."

அடுத்த வாரம் எங்கள் குடியிருப்பின் பொதுக்குழு. நிகழ்ச்சி நிரலில் வாசல் வளைவுக்கு விளக்கு அலங்காரம் முதலில் இருக்கிறது. இந்தப் பூட்டு வாங்கித் தொங்கவிட்ட பிறகுதான் அந்த அலங்கார விளக்கை மாட்ட எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏற வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.